பதினைந்து வரை

பின்னேரம் இரண்டு பத்துக்கு
உப்புநீர் ஏற்றினேன்,
ஐந்து மில்லி, மெல்ல.
இரண்டே முக்காலுக்குக் கட்டில் ஆடியது.

காய்ச்சல் என்று எழுதினால் போதாது.
பல் கிட்டி, நகம் நீலித்து,
போர்வைக்குள் ஒரு வள்ளத்து எஞ்சின்
பற்றாமல் பற்றாமல் உதறியது.
ஆறு வயது அஸ்மிலா.
கிண்ணியாப் பாலம் தாண்டி வந்தவள்.

நெஞ்சில் குழாய்.
கொழும்பில் வைத்து அனுப்பியது,
புற்றுக்கு மருந்து போகும் வழி.
இனிக் கையில் நரம்பு தேடிக் குத்தமாட்டார்கள் என்று
உம்மா அதற்கொரு பை தைத்திருந்தாள்
சட்டையின் உட்புறம், பூப்போட்ட துணியில்.

இரத்தம் எடுத்தோம், இரண்டு போத்தல்.
ஒன்று குழாயிலிருந்து, ஒன்று கையிலிருந்து.
ஒரே நேரம், ஒரே அளவு.
எது முதலில் வாய் திறக்கிறது என்று பார்ப்பது.
விடிய நாலு மணிக்குக் குழாயின் போத்தல் பேசியது.
கைப்போத்தலுக்கு ஏழரை ஆனது.
கிருமி எங்கே குடியிருக்கிறதென்று
அந்த மூன்றரை மணித்தியாலம் சொல்லிவிடும்.
யார் கூட்டிவந்ததென்று சொல்லாது.

குழாயின் வாயைத் திறக்குமுன்
ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்கவேண்டும்,
பதினைந்து எண்ணும்வரை.
எண்ணுகிறவள்தான் நான்.
அன்றைக்கு ஜன்னலோரக் கட்டிலில் மணி அடித்தது,
திரும்பிப் பார்த்தேன்.
பதினைந்தா?
ஒன்பதா?

டொக்டர் குழாயைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.
மருந்தை அதற்குள் நிரப்பிப் பூட்டினோம்,
ஓடவிடாமல், தேங்க வைத்து.
கையில் குத்தத்தான் வேண்டியிருந்தது.
அந்த ஊசி வழியே வன்கோமைசின்,
சொட்டுச் சொட்டாய் ஒரு மணித்தியாலம்.
அவசரப்பட்டால் கழுத்துச் சிவக்கும்.
உம்மா என்னைப் பார்க்கவில்லை,
ஊசியைப் பார்த்தாள்.
மூன்றாம் நாளும் போத்தலின் அடி
மஞ்சளாய் மாறியது.

குழாய்க்குள் ஒரு சவ்வு, என்று தொடங்கினார் டொக்டர்,
கிருமிகள் தாமே கட்டிக்கொள்வது,
மருந்து அதற்குள்...
சொல் தேடினார்.
வாப்பா கொட்பேத் துறையில்
வள்ளங்களின் அடி சுரண்டுகிறவர்.
விரல் முட்டிகளில் ஆறாத கீறல்.
"சிப்பி பிடிச்சிட்டு எண்டு சொல்றீங்க," என்றார்.
"தண்ணியில நிக்கிற வள்ளத்தக் கழுவி
அது போகாது சேர்.
இழுத்துக் கரையில போடோணும்."
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

கழற்றிய இடத்தை அழுத்திப் பிடித்தது நான்தான்,
பத்து நிமிடம்.
என் உள்ளங்கைக்குக் கீழே அவள் நெஞ்சு
வேகமாய், பிறகு கொஞ்சம் வேகம் குறைந்து.
நுனியை வெட்டிப் போத்தலில் இட்டோம்.
வாப்பா பார்க்கக் கேட்டார்.
வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.
வெள்ளை. சுத்தம்.
"ஒண்டுமில்லயே மிஸ்ஸி."
"ஓம்," என்றேன், "கண்ணுக்கு ஒண்டுமில்ல."

அன்றிரவு பொறுப்புத் தாதி லலிதாம்பிகையிடம் சொன்னேன்,
ஒன்பதாய் இருக்கலாம் என்று.
அவர் பேனையை மூடினார்.
திட்டவில்லை. "பரவாயில்லை" என்றும் சொல்லவில்லை.
"இனிமேல் சத்தமா எண்ணு.
எல்லாரையும் எண்ணச் சொல்லு."
விடிய வெளியே வந்தால்
வாசலில் இரண்டு மான்கள்
சோற்றுப் பார்சல் கடதாசியை மென்றுகொண்டு நின்றன.
அதிலும் ஒன்று என்னைப் பார்த்தது.

காய்ச்சல் ஒரேயடியாய் விடவில்லை.
நூற்றிரண்டு, நூற்றொன்று,
ஒரு நாள் மறுபடி நூற்றிரண்டு,
பிறகு இறங்கியது.
போத்தல் முதன்முதலாய் ஊமையான நாளிலிருந்து
பதினான்கு நாள் மருந்து.
வெறுமையான பூப்போட்ட பைக்குள்
அஸ்மிலா ஒரு டொஃபி வைத்திருக்கிறாள்,
உருகி, ஒட்டி.

கைக்குழாயின் வாயைத் தேய்க்கிறேன்.
சேர்ந்து எண்ணுகிறாள்,
ஆறை விட்டுவிட்டுப் பிறகு திரும்பி வந்து.
எட்டு.
ஒன்பது.
என் கை தானாகத் தயங்குகிறது அங்கே,
ஒவ்வொரு முறையும்.

"மிஸ்ஸி,
இன்னும் இருக்கு."